மாப்பிள்ளை தோண்டிய குழி

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவன் ஒரு பெட்டியோடு போவான், மிஞ்சிப்போனால் ஒரு படுக்கையும் சேர்ந்து போகும். நட்டு ஓடாத கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

நட்டு என்பது வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு வைத்த பெயர். அவன் சட்டைப் பையில் கைவிட்டால் எந்நேரமும் ஒரு நட்டோ போல்ட்டோ அகப்படும், அதனால் வந்த பெயர் என்பது அவன் கட்சி. நட்டு கழன்றவன் என்பதைத்தான் மரியாதை கருதிச் சுருக்கிவிட்டோம் என்பது மற்றவர்கள் கட்சி. பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்வது அவன் தொழில். ஊரார் பல்லை நாளெல்லாம் ராவிவிட்டு, மாலையானால் காருக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

அந்தக் காரும் லேசுப்பட்டதல்ல. ஒரு கோழிப்பண்ணையின் மூலையில் டயர் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. வான நிறம், உருண்டைக் கண்கள், இரண்டே கதவு. இவன் போய்ப் பார்த்தபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் கோழியைத் தூக்கப் போனார். இவன் தடுத்துவிட்டான். குஞ்சு பொரிந்து தாயும் பிள்ளைகளும் தாமாக இறங்கிப் போனபிறகுதான் வண்டியை எடுத்து வந்தான். அப்படிப்பட்டவனைக் கட்டிக்கொண்டது நல்லதா கெட்டதா என்று அவன் மனைவி இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வீட்டுக்கு ஒரே பெண். அவள் அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்து சில வருடங்கள் கழித்து, வயதான இருவரையும் தனியே விட மனமில்லாமல் புருஷனையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். மாமனார் தையல்காரர். கடையை மூடிவிட்டாலும் இஞ்சி டேப்பைக் கழுத்திலிருந்து கழற்ற மனம் வராதவர். வீட்டை அவரே கூட நின்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தார். மூன்று அறை, ஒரு கூடம். பக்கவாட்டில் கேட்டிலிருந்து கொல்லைவரை நீளமாக ஒரு காலி இடம். அதில் மாமியாரின் துணிக்கொடிகள்.

கார் தெருவில் நின்றது. வெயிலில் பெயிண்ட் பொரிந்தது, எலி ஒயரைக் கடித்தது. அதையெல்லாம் நட்டு பொறுத்துக்கொண்டான். ஒரு நாள் காலை குப்பை லாரி பின்னுக்கு வந்து கதவை நீளமாகக் கீறி, பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அன்று அவன் வேலைக்கே போகவில்லை. துக்க வீட்டுக்காரன் போல வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"குப்பை வண்டிக்காரரைச் சொல்லிக் குத்தமில்ல மாப்பிள்ளை," என்றாள் மாமியார். "எது குப்பை, எது காருன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

மாமியார் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது தெரிந்ததுதான். ஆனால் அன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட உட்காரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டே விட்டான்.

"மாமா, பக்கத்துல சும்மா கிடக்கிற இடத்துல ஒரு கராஜ் கட்டிக்கலாமா? சின்னதாத்தான். நாலு தூண், மேல ஷீட்டு."

"சும்மா கிடக்குதா?" என்று மாமியார் கரண்டியை வைத்தாள். "அப்ப துணியெல்லாம் எங்க காயும்? உங்க கார் மேலயா?"

மாமனார் மென்றுகொண்டிருந்தார். மென்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"கட்டிக்கோங்க மாப்பிள்ளை. நீங்களும் இந்த வீட்டு ஆள்தானே. ஆனா ஒண்ணு. இந்த வீடு நான் ஒவ்வொரு தையலா போட்டுக் கட்டினது. சுவத்துல ஒரு தையல் பிரிஞ்சாலும், எனக்கு இங்க பிரிஞ்ச மாதிரி." சட்டைக்கு மேலேயே நெஞ்சில் விரலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோடு எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நட்டு தலையை ஆட்டினான். அறைக்குப் போனபிறகு மனைவி சொன்னாள்: "அப்பா சரின்னது உங்க முகத்தைப் பார்த்துன்னு நினைச்சுக்காதீங்க. அந்தக் கார் தெருவுல நிக்கிறதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம மேல பரிதாபப்படுறாங்களாம்."

எப்படி வந்தால் என்ன, உத்தரவு வந்துவிட்டது. கொத்தனார் வந்தார். நட்டு சாக்கட்டியால் தரையிலேயே கோடு போட்டுக் காட்டினான். இங்கே தூண், இங்கே கருவிப் பலகை, இங்கே வண்டி. நடுவில் ஒரு நீளக் கட்டம்.

"இது என்ன சார்?"

"குழிண்ணே. வண்டியை மேல நிறுத்திட்டு, ஆள் உள்ள இறங்கி நின்னு வேலை பார்க்கலாம். ஒர்க்‌ஷாப்ல எல்லாம் இருக்குமே."

"எவ்வளவு ஆழம்?"

நட்டு தன் மார்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினான்.

சின்ன வயதிலிருந்து அவன் கண்ட கனவு அது. மல்லாக்கப் படுத்து, கண்ணில் துரு விழ, கழுத்து சுளுக்க வேலை பார்க்காமல், மனுஷனாக நின்று காரின் அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். அந்தக் கனவுதான் அவன் புத்தியை மறைத்தது. கொத்தனார் குழியை மதில்சுவர்ப் பக்கம் தள்ளித்தான் குறித்தார். வீட்டுச் சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டிப் போகக்கூடாது என்றும் சொன்னார். நட்டு காரின் அகலத்தை அளந்து பார்த்தான். அவ்வளவு தள்ளினால் மதில் இடிக்கும், காரின் கதவைத் திறக்க முடியாது.

"ஒரு முழம் மட்டும் வீட்டுப் பக்கம் வாங்கிக்கலாம்ணே. ஒரு முழத்துல என்ன ஆயிடப்போகுது?"

"உங்க வீடு, உங்க இஷ்டம்," என்றார் கொத்தனார். உங்க வீடு என்று அவர் சொன்னது நட்டுவுக்குக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது.

தோண்டல் ஆரம்பமானது. மாமியார் ஈரத்துணி வாளியோடு வந்து, இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டிருந்த மருமகனைப் பார்த்தாள்.

"பொண்ணு எடுத்த வீட்டுலயே குழி தோண்டுற மாப்பிள்ளையை நான் இப்பத்தான் பார்க்கிறேன்!"

கொத்தனார் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். தன் நகைச்சுவைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மாமியார் கொடியை மறுபக்கம் மாற்றிக் கட்டப் போனாள்.

ஒரு விஷயம் மட்டும் கொத்தனாருக்குப் பிடிபடவில்லை. மதில் பக்கம் மண் பொலபொலவென்று காய்ந்து உதிர்ந்தது. வீட்டுப் பக்கம் கறுத்து, ஈரமாக, கட்டி கட்டியாக வந்தது. ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார்.

"மழையே இல்லையே சார். இந்த ஈரம் எங்கிருந்து வருது?"

"துணி துவைக்கிற தண்ணியா இருக்கும்ணே." நட்டுவுக்கு அப்போது மண்ணின் மேல் கவனமில்லை. செங்கல் எப்போது வரும் என்பதே நினைப்பு.

மாமியாரின் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பெரியவர்கள் இருவரும் பார்க்கக் கிளம்பிப் போனார்கள், சில நாள் தங்கி வருவதாகச் சொல்லிவிட்டு. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். நட்டு தனியாகக் குழிக்குள் நின்று, செங்கல் கட்டத் தோதாக ஓரங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது கண்ணுக்கு நேரே வீட்டுச் சுவரில் ஒரு எறும்பு வரிசை தெரிந்தது. ஊதினான். எறும்பு நகரவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தான். விரிசல்.

மேலேறி வந்து வீட்டுக்குள் ஓடினான். சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் மாமியாரின் படுக்கையறை. உள்பக்கமும் இருந்தது. ஜன்னல் மூலையில் தொடங்கி, படிக்கட்டு இறங்குவது போலக் கோணலாக இறங்கி, இரும்பு பீரோவின் பின்னால் போய் மறைந்தது. நகத்தை வைத்துப் பார்த்தான். நகம் உள்ளே போனது. சுவரைத் தொட்டுக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டான்.

புதிதாக வந்ததா, இன்னும் விரிகிறதா என்று தெரிய வேண்டும். அவனுக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டர் மாவு அவனிடம் எப்போதும் இருக்கும். குழைத்து, விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு அப்பினான். அந்த மாவு இறுகிவிட்டால் நெளியாது, நீளாது. சுவர் மயிரிழை அசைந்தாலும் படக்கென்று உடைந்துவிடும்.

மறுநாள் மனைவி கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். கதவு சாத்தியதும் அறைக்குள் போய்ப் பார்த்தான். மேலே இருந்தது நன்றாக இருந்தது. கீழே இருந்ததும் நன்றாக இருந்தது. நடுவில் இருந்தது இரண்டாகப் பிளந்திருந்தது.

கொத்தனார் வந்து பார்த்தார். உச்சந்தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணும் ஆகாது சார்," என்றார். ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார். "பெரியவங்க வர்றதுக்குள்ள குழியை மூடிடலாம். மேல பட்டி பார்த்து ஒரு கோட் அடிச்சிட்டா, ஈ காக்காவுக்குத் தெரியாது."

அவர் போனபிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. நட்டு கடைக்குப் போய்ப் பட்டியும் பெயிண்டும் வாங்கி வந்தான். சுவர் அடித்துப் பல வருடமாகிப் பழுப்பேறிக் கிடந்தது. அந்தப் பழுப்பைக் கொண்டுவருவது மற்றவர்களுக்குக் கஷ்டம். ஒருவர் வாயில் இருக்கும் பல்லின் நிறத்துக்குப் பக்கத்துப் பல் செய்கிறவனுக்குச் சுவர் எம்மாத்திரம்? துளி மஞ்சள், துளி கறுப்பு என்று கலந்து ஒரு தகரத் துண்டில் தடவிச் சுவரோடு ஒட்டிப் பார்த்தான். எது சுவர், எது தகரம் என்று தெரியவில்லை. அவன் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அதுதான்.

பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு திரும்பினான். கட்டில் கண்ணில் பட்டது. சுவரை ஒட்டிய பக்கத்தில் மாமனாரின் தலையணை. நடுவில் குழி விழுந்திருந்தது, அவர் இப்போதுதான் எழுந்து போனதுபோல. இந்தச் சுவரை அழகாக்கிவிட்டு, இதனடியில் அவரைக் கொண்டுவந்து படுக்க வைக்கப்போகிறோமா என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணம் போகவில்லை. தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

மனைவி மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது அவன் அந்த அறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். சுவர், பிளாஸ்டர், பெயிண்ட் டப்பா, புருஷனின் முகம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். அவன் ஒன்றுவிடாமல் சொன்னான், அந்த ஒரு முழம் உட்பட.

"எப்ப பார்த்தீங்க?"

"நேத்து."

"நேத்து ராத்திரி என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க. சாம்பல் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு, தலைவலின்னீங்க." அவள் டப்பா மூடியை எடுத்து அழுத்தி மூடினாள். "விரிசல் விட்டதுக்கு எனக்குக் கோபமில்ல. விரிசலை விட்டுட்டு வெள்ளையடிக்கப் பார்த்தீங்களே, அதுக்குத்தான் கோபம்."

"அடிக்கலையே."

"அடிக்கலை. அதனாலதான் இன்னும் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். போனை எடுங்க. அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

எடுத்தான். மாமனார் குரலில் குழந்தை பார்த்த சந்தோஷம் இருந்தது. "மூக்கு அப்படியே உங்க அத்தை மூக்கு மாப்பிள்ளை," என்று ஆரம்பித்தார். அதைக் கேட்டு முடித்துவிட்டு இவன் சொன்னான். சுவர், விரிசல், குழி. என் அவசரம்தான் மாமா, என் தப்புதான்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"இன்ஜினியர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க," என்றார் கடைசியில். "நாங்க கிளம்பி வர்றோம்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நட்டு நிம்மதியாக இருந்திருப்பான்.

பெரியவர்கள் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாமியார் அவனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள் வாயை மூடிக்கொண்டால் வீட்டில் ஏதோ நின்றுபோன மாதிரி இருக்கிறது. மாமனார் செருப்பைக் கழற்றாமல் நேரே சுவரண்டை போனார். துணியில் தையல் பார்ப்பது போல விரிசலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பீரோ குறுக்கிட்ட இடத்தில் விரல் நின்றது.

"கோணலா போகுது," என்றார்.

இன்ஜினியர் வந்தது மனைவியோடு பள்ளியில் படித்த தோழி. குள்ளமான பெண். கொண்டையில் ஒரு பென்சில், ஒரு கையில் இரும்புக் கம்பி, மறுகையில் ரப்பர் சுத்தி. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் குழிக்குள் குதித்தாள். வீட்டுப் பக்கத்து மண்ணில் கம்பியை வைத்து அழுத்தினாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலக் கம்பி பாதிக்குமேல் உள்ளே போனது. அவள் புருவம் உயர்ந்தது.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கா?"

"பெட்ரூமோட சேர்ந்த பாத்ரூம். மூலையில," என்றாள் மனைவி.

எல்லோரும் அறைக்குள் போனார்கள். தோழி முட்டிபோட்டுச் சுத்தியால் தரைக் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். கதவண்டை டங், டங் என்றது. கட்டிலை நெருங்க நெருங்க தொம், தொம் என்று மாறியது. யாரோ கீழேயிருந்து பதில் சொல்வது போலிருந்தது.

"இந்த பீரோவை நகர்த்தணும்."

"அதை எதுக்கு நகர்த்தணும்?" என்றாள் மாமியார், வந்ததிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்து. "அது அங்கேயே இருக்கட்டுமே. கனம். இடுப்பு பிடிச்சுக்கும்."

நட்டுவும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினார்கள். பீரோவின் பின்னால் விரிசல் விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. உள்ளே தூசி அடைத்துக் கெட்டியாகியிருந்தது. அதற்குமேல் சிலந்தி வலை, அந்த வலையின் மேலும் தூசி. தோழி பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி உள்ளே சுரண்டினாள்.

"இது இப்ப வந்ததில்ல," என்றாள். "பல வருஷமா இருக்கு. இங்க பாருங்க, போன தடவை அடிச்ச பெயிண்ட் விரிசலுக்கு உள்ளயும் வழிஞ்சிருக்கு. அப்பவே இருந்திருக்கு."

நட்டு காதில் விழுந்ததை நம்பாமல் மனைவியைப் பார்த்தான். மனைவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

"அம்மா?"

"என்ன அம்மா? ஆமா, இருந்துச்சு. அதை மறைக்கத்தானே பீரோவை இங்க இழுத்துப் போட்டேன்!" குற்றம் எல்லோருடையதும் என்பது போல ஒரு சுற்று முறைத்தாள். "உங்கப்பா அப்பத்தான் நெஞ்சுல தையலோட வீட்டுக்கு வந்திருக்காரு. சுவத்துல விரிசல்னு அவர்கிட்ட போய்ச் சொல்லச் சொல்றியா? அவருக்கு இந்த வீடு உசிரு. சின்னதாத்தான் இருந்துச்சு. சரியாப் போயிடும்னு நினைச்சேன்."

"சரியாப் போறதுக்கு அது என்ன சளியா?" என்றார் மாமனார்.

தோழி தரைக்கல் ஒன்றை நெம்பி எடுத்தாள். பக்கத்துக் கல்லையும் எடுத்தாள். கீழே மண் இல்லை. இருட்டு இருந்தது. டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். தோள்வரை போனது.

எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு விவரமாகச் சொன்னாள். குளியலறைத் தண்ணீர் போகும் குழாய் தரைக்கடியில் மூட்டு விட்டிருக்கிறது. குளித்த தண்ணீர் இத்தனை வருடமாக அஸ்திவாரத்து மண்ணை அரித்து அரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. கட்டிலின் இரண்டு கால்கள் வெறும் கல்லின் மேல்தான் நின்றிருக்கின்றன.

"வர்ற மழையை இந்த மூலை தாங்கியிருக்காது," என்றாள். பிறகு நட்டுவின் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒண்ணும் பெரிய புண்ணியவான்னு நினைச்சுக்காதீங்க. சுவத்துக்கு இவ்வளவு கிட்டத்துல குழி தோண்டினது தப்பு. அதனாலதான் இப்ப புதுசா அசைஞ்சிருக்கு. ஆனா நீங்க தோண்டாம இருந்திருந்தா, இதை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. இப்பப் பார்த்தாச்சு. சரி பண்ணிடலாம். பெரிய வேலைதான், ஆனா பண்ணிடலாம். வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

வயிற்றில் பாலை வார்த்தது போல என்று சொல்வார்கள். நட்டுவுக்குப் பால் வயிற்றில் மட்டும் நிற்கவில்லை, கால்வரை இறங்கிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தான். எதிரே குழி. சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனால் கண்ணில் தண்ணீர் வந்தது. முகத்தைத் துடைத்தால், கையிலிருந்த சிமெண்ட் முகமெல்லாம் அப்பியது.

கொஞ்ச நேரத்தில் மாமனாரும் வந்து பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார்.

"போன்ல நான் ஒண்ணுமே பேசலைன்னு வருத்தமா மாப்பிள்ளை?"

"திட்டுவீங்கன்னு நினைச்சேன் மாமா."

"திட்டத்தான் வாயைத் திறந்தேன். உங்களையும் உங்க காரையும் சேர்த்து நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பேன். அப்புறம் ஒண்ணு தோணுச்சு. இந்த மனுஷன் மேல பூசிட்டுப் பேசாம இருந்திருக்கலாமே, எதுக்குப் போன் பண்ணி வாங்கிக் கட்டிக்கிறாருன்னு."

நட்டு தரையைப் பார்த்தான். "பெயிண்ட் கலக்கிட்டேன் மாமா. அடிக்கத்தான் போனேன்."

மாமனார் குழியை எட்டிப் பார்த்தார்.

"கலர் சரியா வந்துச்சா?"

"அச்சு அசல் மாமா."

மாமனாரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் நட்டு பயந்துபோனான். பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார். "அச்சு அசலாம்! உள்ள உங்க அத்தை பீரோ வெச்சு மறைக்கிறா, நீங்க பெயிண்ட் வெச்சு மறைக்கிறீங்க. நல்ல வீட்டுக்குத்தான் நான் சொந்தக்காரன்!" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நட்டுவும் சேர்ந்துகொண்டான். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த மாமியார், மாமனாரையும், சிமெண்ட் முகத்தோடு மருமகனையும் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் நட்டு கழண்டுடுச்சு," என்று மகளிடம் சொன்னாள். அவள் வாய் திரும்பக் கிடைத்ததில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

வேலை இழுத்துக்கொண்டு போனது. பெரியவர்கள் கூடத்தில் படுத்தார்கள். பழைய குழாயைப் பிடுங்கிப் புதுக் குழாய் போட்டார்கள். தரைக்கடியில் கான்கிரீட்டை ஊற்ற ஊற்ற அந்தப் பள்ளம் குடித்துக்கொண்டே இருந்தது. சுவர் விரிசலுக்குக் குறுக்கே பள்ளமாகக் காடி வெட்டி, வரிசையாக இரும்புக் கம்பிகளைப் பதித்துப் பூசினார்கள். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

"சுவத்துக்கும் தையல்தான் போடுறாங்க," என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். "என்னை மாதிரியே."

குழியை மூட வேண்டும் என்று தோழி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முதல் கூடை மண்ணை நட்டுவே எடுத்துக் கொட்டினான். துக்கப்படுவோம் என்றுதான் நினைத்திருந்தான். மண் விழ விழ மனம் லேசானது. மேலே சமமாகத் தளம் போட்டார்கள். தூண் நிறுத்தி ஷீட் வேய்ந்தார்கள். மாமியாரோடு ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது: கூரையின் முன்பாதியில் துணிக்கொடி, கீழே கார். மழைக்காலத்திலும் துணி காயும் என்று தெரிந்ததும், கராஜ் யோசனையே தன்னுடையது என்பது போல அவள் பேசத் தொடங்கினாள்.

குழி இல்லாமல் காருக்கடியில் எப்படிப் போவது என்றதற்குக் கொத்தனார் வழி சொன்னார். ஒரு பலகை, அடியில் நாலு சக்கரம், மேலே படுத்துக்கொண்டு காலால் உந்தினால் உள்ளே போய்விடலாம். பலகை முதுகை உறுத்துகிறது என்று நட்டு சொன்ன மறுநாள், மாமனார் தையல் மிஷினை இழுத்துப்போட்டு ரெக்ஸினில் ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. காரின் சீட்டுகள் கிழிந்து பஞ்சு பிதுங்கி நிற்பது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கிக்கொண்டு போய்ப் புதுத்துணி போட்டார். மனைவி மாலைகளில் வந்து டார்ச் பிடித்தாள். எலி கடித்த ஒயர்களைப் பிரித்து, எது எங்கே போகிறது என்று அவன் குழம்பும்போது, சோதனைக்குழாய்க்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பழகிய கையால் ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினாள்.

ஒரு ஞாயிறு காலை மழை பிடித்தது. சும்மா மழையில்லை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நட்டு எழுந்து முதல் வேலையாக அந்த அறைக்குப் போனான். அங்கே ஏற்கெனவே மனைவி நின்றிருந்தாள். பின்னாலேயே மாமனார் வந்தார், அவருக்குப் பின்னால் மாமியார். நாலு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவர் பேசாமல் இருந்தது. தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்கள். டங், டங்.

"இன்னிக்கு நான் இங்கதான் படுக்கப்போறேன்," என்றார் மாமனார். காலைப்பொழுது என்றும் பாராமல் கட்டிலில் ஏறிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மழைச் சத்தத்தையும் மீறிக் குறட்டை கேட்டது.

அவர் எழுந்து வந்தபோது நட்டு கராஜில் இருந்தான். ஷீட்டின் மேல் மழை தாளம் போட்டது. எஞ்சினைக் கிளப்பினான். இருமியது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது.

மாமியார் கொடியிலிருந்த துணியை எடுக்க வந்தவள், குனிந்து காருக்குள் பார்த்தாள். சீட்டை அழுத்திப் பார்த்தாள்.

"இது ஓடுமா மாப்பிள்ளை, இல்ல இப்படி நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டுதான் இருக்குமா?"

"ஏறுங்க அத்தை."

"இந்த மழையிலயா?"

"நீங்க ஏறுங்க."

மாமியார் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். மகள் பக்கத்தில் ஏறினாள். மாமனார் முன்சீட்டில் உட்கார்ந்து, தான் போட்ட தையலைத் தொடைக்கடியில் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். நட்டு கியரைப் போட்டான். கார் மெதுவாக உருண்டு கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியடித்தது.

வைப்பரைப் போட்டான். இரண்டில் ஒன்றுதான் வேலை செய்தது. நல்லவேளை, அது அவன் பக்கத்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மாப்பிள்ளை," என்றார் மாமனார், முன்கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தபடி.

"தெரியாட்டி என்னங்க? அவருக்குத் தெரியுதில்ல," என்றாள் மாமியார் பின்னாலிருந்து. "நீங்க பேசாம சாய்ஞ்சு உக்காருங்க."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். தெருமுனையில் திரும்பி வீட்டுக்கே வந்துவிடலாம் என்றுதான் நட்டு நினைத்திருந்தான். யாரும் திரும்பச் சொல்லவில்லை. அவன் நேரே விட்டான்.